காலநிலை மாற்றத்துக்கு எதிரே ஓர் ஊர் என்ன செய்ய முடியும்? – ஓர் எளிய அறிமுகம்

காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "அதெல்லாம் அரசாங்கங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்பது ஒன்று. "ஆளுக்கொரு மரம் நடுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள்" என்பது இன்னொன்று. உலகத் தலைவர்கள் கூடும் மாநாட்டுக்கும் நம் வீட்டுத் துணிப்பைக்கும் நடுவே நாம் அதிகம் கவனிக்காத ஒரு தளம் இருக்கிறது. அதுதான் ஊர். ஒரு தீவு, ஒரு பஞ்சாயத்து, ஒரு வட்டாரத்து விவசாயிகள், ஒரு கடலோரக் கிராமம். இந்த அளவில் மக்கள் கூடித் தங்கள் மின்சாரத்தை, மண்ணை, உயிரைக் காத்துக்கொள்ள எடுக்கும் முயற்சிகளைத்தான் 'சமூகக் காலநிலைச் செயல்பாடு' என்கிறார்கள். பெயர் கனமாக இருக்கிறது, விஷயம் எளிதுதான்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். நிலக்கரி, பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு ஆகியவற்றை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. காடுகளை அழித்தாலும் அதே கதைதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு இருந்த இந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இது வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. பூமியின் சராசரி வெப்பநிலை அன்றைக்கு இருந்ததைவிட ஒரு டிகிரி செல்சியஸுக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றலாம். சராசரியில் அந்த ஒரு டிகிரி ஏறினாலே வெயில் காலத்தின் உச்சம் கடுமையாகிறது, மழை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது, கடல் மெல்ல மேலேறுகிறது.

இதற்கு எதிரே செய்யக்கூடியவை இரண்டு வகை. புகையைக் குறைப்பது ஒரு வகை. நிலக்கரிக்குப் பதில் காற்று, சூரிய ஒளி. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம். இதைத் 'தணிப்பு' என்பார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட, இனியும் வரப்போகிற மாற்றத்தைத் தாங்கி வாழத் தயாராவது இரண்டாவது வகை. புயல் எச்சரிக்கை, வறட்சியைத் தாங்கும் வயல், வெள்ளம் ஏறாத வீடு. இது 'தகவமைப்பு'. ஒரே வேலை இரண்டுக்கும் உதவுவதும் உண்டு. கீழே வரும் நைஜர் நாட்டுக் கதை அப்படிப்பட்டது.

இதுபோன்ற முயற்சிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. என்ன தொழில்நுட்பம் என்பது அல்ல அது. அந்தக் காற்றாலை யாருடையது, அந்த மரம் யாருடையது என்பதே கேள்வி. இதைப் புரிந்துகொள்ள டென்மார்க்கில் ஒரு தீவுக்குப் போவோம்.

சாம்சோ: காற்றை வாங்கிய தீவு

சாம்சோ சுமார் 114 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. ஏறத்தாழ 4,000 பேர் வசிக்கிறார்கள். உருளைக்கிழங்கு, பன்றி வளர்ப்பு, கோடையில் வந்துபோகும் சுற்றுலாப் பயணிகள். இதுதான் பிழைப்பு. மின்சாரம் கடலடிக் கேபிள் வழியாகப் பெருநிலத்திலிருந்து வந்தது. பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க எண்ணெயைக் கப்பலில் கொண்டுவந்தார்கள்.

1997-இல் டென்மார்க் அரசு ஒரு போட்டி வைத்தது. ஏற்கெனவே கடையில் கிடைக்கும் தொழில்நுட்பத்தை மட்டும் கொண்டு, பத்தே ஆண்டுகளில் தன் ஆற்றல் தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழிகளில் ஈடுகட்டுவோம் என்று திட்டம் தர வேண்டும். சாம்சோவின் திட்டம் வென்றது. ஆனால் பரிசாகப் பெரும்பணம் எதுவும் கொட்டவில்லை. "செய்து காட்டுங்கள்" என்ற அங்கீகாரம்தான் முதன்மையான பரிசு.

தீவுக்காரர்கள் உடனே துள்ளிக் குதித்துவிடவும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் தீவின் இறைச்சிக்கூடம் மூடப்பட்டு, நிறையப் பேருக்கு வேலை போகிற கவலை. காலநிலையைப் பற்றி யோசிக்கவா நேரம்? இந்த இடத்தில்தான் சோரென் ஹெர்மன்சென் வருகிறார். தீவிலேயே பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஆசிரியர். திட்டத்தை நடத்தும் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். உலகத்தைக் காப்பாற்றுவோம் என்று பேசவில்லை. குழாய் பதிக்க ஆள் வேண்டும், வெல்டருக்கும் பிளம்பருக்கும் வேலை வரும், எண்ணெய்க்குப் போகிற பணம் தீவிலேயே நிற்கும் என்று பேசினார். எல்லோரும் மதிக்கிற ஆட்களை முதலில் சம்மதிக்க வைத்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

2000-இல் தீவின் நிலப்பகுதியில் தலா 1 மெகாவாட் திறனுள்ள 11 காற்றாலைகள் நின்றன. ஒன்பதைத் தனித்தனி விவசாயிகள் வாங்கினார்கள். மீதி இரண்டைக் கூட்டுறவாக, பங்கு பங்காகத் தீவு மக்கள் வாங்கினார்கள். தீவின் மின்தேவைக்கு இவை போதுமானவை. 2003-இல் தெற்கே கடலுக்குள் இன்னும் 10 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட். இவற்றில் ஐந்து உள்ளாட்சிக்குச் சொந்தம். மற்றவை தனியார் முதலீட்டாளர்களுக்கும் சிறு பங்குதாரர்களுக்கும்.

காற்றாலை வைப்பதில் ஐரோப்பாவில் பெரிய தகராறு ஒன்று உண்டு. சத்தம் கேட்கிறது, கடற்காட்சி கெடுகிறது என்று அக்கம்பக்கத்தார் வழக்குக்குப் போவார்கள். வெளியூர் நிறுவனம் வந்து நட்டுவிட்டு லாபத்தை எடுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது? சாம்சோவில் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற காற்றாலையில் அந்த வீட்டுக்காரருக்கும் பங்கு வாங்க வாய்ப்பிருந்தது. அது சுற்றினால் அவருக்கும் வருமானம். எங்கே நிறுத்துவது என்பதையும் கூடிப் பேசியே முடிவெடுத்தார்கள். எதிர்ப்பு பெரிதாக எழாததற்கு இதுவே காரணம்.

வீட்டைச் சூடாக்குவதற்கு அவர்கள் கண்ட வழி இன்னும் எளியது. அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோல் மிஞ்சும். அதைப் பெரிய கட்டுகளாகக் கட்டி, ஊர்ப் பொதுக் கொதிகலனில் எரிக்கிறார்கள். சூடான நீர் மண்ணுக்கடியில் பதித்த குழாய்களில் வீடு வீடாகப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக் கொதிகலனுக்கே வருகிறது. நான்கு இடங்களில் இப்படிப் பொதுக் கொதிகலன் உண்டு. ஓரிடத்தில் மரச்சில்லுகளோடு சூரிய வெப்பத் தகடுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. வைக்கோலை எரித்தாலும் புகைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான் திரும்ப வெளியே போகிறது. அடுத்த ஆண்டுப் பயிர் அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். எண்ணெயோ பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்த கார்பனைப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. கணக்கில் வேறுபாடு அங்கேதான்.

பத்தாண்டுக் கெடு முடிவதற்குள் சாம்சோ தான் பயன்படுத்தும் ஆற்றலைவிட அதிகமான ஆற்றலை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தீவின் கார்களும் டிராக்டர்களும் படகுகளும் எண்ணெயை விட்டுவிடவில்லை. கடல் காற்றாலைகளின் மின்சாரம் பெருநிலத்துக்குப் போகிறது. அதைப் போக்குவரத்துப் புகைக்கு ஈடாகக் கழித்துக்கொண்டார்கள். புகை நின்றுவிட்டது என்பது வேறு, கணக்கு நேர் ஆனது என்பது வேறு. வண்டிகளையும் படகையும் மாற்றுகிற அடுத்த கட்ட வேலை அவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. டென்மார்க் சட்டம் காற்றாலை மின்சாரத்துக்குப் பல ஆண்டுகளுக்கு நிலையான விலையை உறுதி செய்திருந்தது. அதனால்தான் வங்கி தைரியமாகக் கடன் கொடுத்தது, விவசாயி தைரியமாகக் கடன் வாங்கினார். ஊர் கூடித் தேர் இழுத்தது என்றால், தேரோடும் வீதியை அரசாங்கம் போட்டு வைத்திருந்தது.

நைஜர்: மண்ணுக்கடியில் இருந்த காடு

சாம்சோ பணக்கார நாட்டின் தீவு. இனி உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றுக்குப் போவோம். மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர், சகாராவின் தென் விளிம்பில் இருக்கிறது. கம்பும் சோளமும் விளையும் பூமி. 1970-களிலும் 80-களிலும் வறட்சி மேல் வறட்சி. மரங்கள் வெட்டப்பட்டுப் பொட்டலாகிப் போன வயல்களில் காற்று மணலை வாரி அடித்து, முளைத்த பயிரை மூடிவிடும். ஒரே பருவத்தில் மூன்று நான்கு தடவை விதைத்த விவசாயிகள் உண்டு.

டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் 1980-களின் தொடக்கத்தில் மராடி வட்டாரத்தில் மரக்கன்று நடும் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. 1983-இல் ஒருநாள் வண்டி நிறையக் கன்றுகளோடு போகும்போது, மணலில் சிக்காமல் ஓட்ட டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவதற்காக நிறுத்தினார். பக்கத்தில் இருந்த ஒரு புதரைப் போய் உற்றுப் பார்த்தார். அது புதர் இல்லை. வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய துளிர்கள்.

கரும்பில் மறுதாம்பு விடுகிற நம் விவசாயிக்கு இது உடனே புரிந்துவிடும். மேலே வெட்டினாலும் கீழே வேர் உயிரோடு இருக்கிறது. அந்த வயல்களில் இப்படி எண்ணற்ற அடிக்கட்டைகள் மண்ணுக்கடியில் காத்துக்கிடந்தன. ஒவ்வோர் ஆண்டும் துளிர்விடும். ஒவ்வோர் ஆண்டும் விதைப்புக்கு முன் விவசாயி அதை வெட்டி எரித்துவிடுவார். கன்றே தேவையில்லை, நர்சரி தேவையில்லை, தண்ணீர் ஊற்றவும் தேவையில்லை. வெட்டாமல் விட்டால் போதும்.

முறை இதுதான். அடிக்கட்டையைச் சுற்றி இருபது முப்பது துளிர் வந்திருக்கும். அவற்றில் நேராக, திடமாக இருக்கிற நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். வைத்த தண்டின் கீழ்ப்பாதியில் உள்ள பக்கக் கிளைகளையும் கழிக்க வேண்டும். கழித்தவை விறகுக்கும் ஆட்டுக்கும் ஆகும். அடுத்த ஆண்டு மறுபடி ஒரு சுற்று. வேருக்கு ஏற்கெனவே ஆழம் இருப்பதால் தண்டு வேகமாக உயரும்.

வயலில் மரம் இருந்தால் பயிருக்குப் போட்டியாகாதா? எந்த மரம் என்பதைப் பொறுத்தது. அங்கே ஹவுசா மொழி பேசுகிறவர்கள் 'காவோ' என்று சொல்கிற ஒரு மரம் உண்டு. நம் கருவேல், வெள்வேல் மரங்களுக்கு உறவு. மழைக்காலத்தில், பயிர் நிற்கும் நேரத்தில், அது இலையை உதிர்த்துவிடும். கோடையில் தழைத்து நிழல் தரும். வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். உதிர்ந்த இலை உரம், காய் ஆடுமாடுகளுக்குத் தீனி. மழைக்காலத்தில் வெயிலை மறைக்காத மரத்தைவிட விவசாயிக்கு வேறென்ன வேண்டும்?

இவ்வளவு எளிய வழியை ஏன் அவர்களாகவே முன்பே செய்யவில்லை? விவசாயிகளுக்கு அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம், அது அநியாயமும்கூட. பிரெஞ்சுக் காலனி ஆட்சிக் காலத்திலிருந்து மரங்கள் அரசாங்கத்தின் சொத்தாகவே கருதப்பட்டன. தன் வயலில் தானே வளர்த்த மரத்தின் கிளையை வெட்டினாலும் வனக்காவலர் வந்து அபராதம் போடலாம். மரம் வளர்ந்தால் அது தனக்குத் தொல்லை என்றால், சிறியதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவதுதான் விவசாயிக்குப் புத்திசாலித்தனம். 1980-களில் மராடி பகுதியில் வனத்துறையினர் இந்தக் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். வயலில் நிற்கும் மரம் தன்னுடையது என்று விவசாயி நம்பத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பரவியது. அதுவும் அரசு விளம்பரத்தால் பரவவில்லை. பக்கத்து வயலைப் பார்த்துப் பரவியது. தொடக்கத்தில் செய்தவர்களை ஊரார் கேலி செய்தார்கள், மரங்கள் திருட்டும் போயின. பிறகு கேலி செய்தவர்களும் துளிரை விட்டுவைத்தார்கள்.

எவ்வளவு பரவியிருக்கிறது என்பது வெளியுலகத்துக்குத் தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. ஆய்வாளர்கள் பழைய வான்படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சுமார் 50 லட்சம் ஹெக்டேர் வயல்களில் மரங்கள் திரும்பியிருந்தது தெரிந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! மரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 20 கோடி என மதிப்பிட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைவதாகவும் மதிப்பீடு உண்டு. விறகுக்காக மணிக்கணக்கில் நடந்த பெண்களுக்கு வயல் ஓரத்திலேயே விறகு. மரங்கள் கார்பனைப் பிடித்துவைக்கின்றன, அது தணிப்பு. மணற்காற்றைத் தடுத்து, வறட்சியில் கைகொடுக்கின்றன, அது தகவமைப்பு. மரம் நடும் விழாக்களில் அமைச்சர்கள் மண்வெட்டி பிடிக்கிற படங்களைப் பார்க்கும்போதெல்லாம், எந்த விழாவும் இல்லாமல் வளர்ந்த இந்த 20 கோடி மரங்களைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கொடியும் ஒலிபெருக்கியும்

தகவமைப்புக்கு நான் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு வங்கதேசம். 1970 நவம்பரில் வந்த போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு அரசும் செஞ்சிலுவை அமைப்பும் சேர்ந்து 1972-இல் புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். எல்லோரும் அந்தந்தக் கிராமத்துக்காரர்கள். கம்பத்தில் ஏற்றும் கொடிகளின் எண்ணிக்கை அபாயத்தின் அளவைச் சொல்லும். கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போய், படுத்திருக்கும் பாட்டியைத் தூக்கிக்கொண்டு புகலிடத்துக்கு வருவார்கள். அந்தப் புகலிடக் கட்டடங்களில் பல, மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்கள்.

1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். முன்பின் தெரியாத ஆண் வந்து எச்சரித்தால் வெளியே வரத் தயக்கம், கூட்டமான புகலிடத்தில் தங்க அச்சம், குழந்தைகளை விட்டு நகர முடியாத நிலை. அதிலிருந்து கற்றுக்கொண்டு பெண் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். இப்போது ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். 2007 சித்ர் புயலில் வங்கதேசத்தில் சாவு சுமார் 3,400. 2020 அம்பன் புயலின்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். கடலின் சீற்றம் குறையவில்லை, மக்கள் தொகையும் கூடித்தான் இருக்கிறது. வானிலை முன்னறிவிப்பு மேம்பட்டது, புகலிடங்கள் பெருகின. ஆனால் அந்த அறிவிப்பைக் கடைசி வீட்டின் வாசல்வரை கொண்டுபோனது ஊர்க்காரர்கள்.

எங்கே தவறுகிறது?

எல்லா முயற்சியும் வெல்வதில்லை. பீகாரில் தர்ணாய் என்ற கிராமம் முப்பது ஆண்டுகளாக மின்சாரமின்றி இருந்தது. 2014-இல் ஒரு தொண்டு நிறுவனம் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பை அமைத்தது. நாடே பாராட்டியது. ஆனால் முன்னாள் முதலமைச்சர் வந்தபோது ஊர்மக்கள் "எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும்" என்று கேட்டார்கள். சூரிய மின்சாரத்தில் விளக்கும் விசிறியும் ஓடும். ஃபிரிட்ஜும் மற்ற பெரிய சாதனங்களும் கூடாது என்று கட்டுப்பாடு. விலையோ அரசு மின்சாரத்தைவிட அதிகம். விரைவிலேயே அரசு மின்கம்பி வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன, மாற்ற யாரும் இல்லை, திட்டம் கைவிடப்பட்டது. ஊர்மக்களைக் குறை சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. அவர்களுக்கு என்ன தேவை என்பதிலிருந்து திட்டம் தொடங்கவில்லை, பழுதானால் செலவு யாருடையது என்பதும் முடிவாகவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை பஞ்சாயத்து. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் ஆகியவற்றின் மின்கட்டணம் பஞ்சாயத்து வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில் முதலில் கட்டணத்தைக் குறைக்க வழி பார்த்தார்கள். மரக்கழிவை எரிவாயுவாக்கி அதில் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகு 2006-இல் பஞ்சாயத்தே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. செலவு ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். பஞ்சாயத்துச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி, மீதி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று நன்றாக வீசும் உடுமலைப்பேட்டை பக்கம் நிற்கிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத் தொகுப்புக்குப் போகிறது. தேவைக்கு மேல் மிஞ்சுவதை வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். சாம்சோவின் பெயரே கேள்விப்படாமல் இருந்தாலும் இதைச் செய்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொடக்கம் காலநிலை இல்லை, கரண்ட் பில்.

ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். இரும்பாலை, சிமெண்ட் ஆலை, அனல்மின் நிலையம், விமானம் ஆகியவற்றின் புகையை எந்த ஊர்க் கூட்டமும் குறைக்க முடியாது. உலகம் எரிபொருளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதற்குச் சட்டமும் வரியும் நாடுகளிடையே ஒப்பந்தமும் வேண்டும். ஊர் செய்கிறதே என்று அரசாங்கங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நாம் அனுமதிக்கக்கூடாது. அதேபோல் அரசாங்கம் செய்யட்டும் என்று ஊர் காத்திருந்தால் நைஜரில் அந்த அடிக்கட்டைகள் இன்னமும் துளிர்த்துத் துளிர்த்து எரிந்துகொண்டிருக்கும்.

உங்கள் ஊரிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ இப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், முதல் கூட்டத்துக்குக் காலநிலை அறிக்கையை எடுத்துப் போகாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதத்துப் பொது மின்கட்டண ரசீதுகளையும் தண்ணீர் லாரிக் கணக்கையும் எடுத்துப் போங்கள். எங்கே பணம் அதிகம் போகிறது என்று பார்த்தால் முதல் வேலை எது என்று தெரிந்துவிடும். கூட்டம் கலைவதற்குள் மூன்று விஷயங்களை எழுதி வைத்துவிடுங்கள்: வாங்கப்போவது யார் பெயரில் இருக்கும், மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும், ஐந்தாவது ஆண்டில் பேட்டரியோ மோட்டாரோ பழுதானால் எந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் சரிசெய்வது. மூன்றாவதற்கு விடை கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம்.